வசந்தத் தோட்டமும் வீட்டுக் கோழியும்

தமிழகத்திலிருந்து தில்லிக்கு வந்து குடியேறியவர் முதலில் பருவக் கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டியவராகிறார். மாசியையும் பங்குனியையும் பின்பனிக் காலம் என்றும், சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றும் வகுத்தனர் நம் முன்னோர். இங்கோ சித்திரை பிறக்கும்போதே வெயில் கடுமை காட்டத் தொடங்கிவிடுகிறது. பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச்சு இறுதிவரை உள்ள ஆறு வாரங்களே தில்லியின் வசந்தம். ஐப்பசியில் நட்ட பெட்டூனியாவும் பிளாக்ஸும் காலண்டுலாவும் அப்போதுதான் ஒருங்கே பூத்து நிற்கும். குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டத்தை, 2023-இல் அமிர்த உத்தியானம் எனப் பெயர் மாற்றம் பெற்ற அப்பூங்காவை, காண மக்கள் திரள்வதும் இந்நாட்களில்தான்.

வீட்டின் பின்புறத்தில் சிறிது நிலம் உடையவர்க்கும் இவ்வின்பம் உண்டு. அந்நிலத்தில் நான்கு கோழிகளும் உலவுமாயின் இன்பம் இரட்டிப்பாகும். கவனம் தவறினால் தொல்லையும் இரட்டிப்பாகும். கோழியும் செடியும் ஒரே இடத்தில் வாழ வழி உண்டா என்பதை என் அனுபவத்தைக் கொண்டு நேயர்களுக்குக் கூற விழைகிறேன்.

வசந்தம் வந்ததைச் செடிகளைப் போலவே கோழிகளும் உணர்கின்றன. முட்டையிடும் ஆற்றலைத் தூண்டுவது பகலொளியின் நீளமாகும். டிசம்பர் இறுதியில் தில்லியின் பகல் ஏறத்தாழ 10 மணி 20 நிமிட அளவே. அப்போது நாட்டுக் கோழிகள் பெரும்பாலும் முட்டையை நிறுத்திவிடும். மார்ச்சு 20-ஐ ஒட்டிப் பகல் 12 மணி நேரத்தை எட்டுகிறது. கண் வழியாக மட்டுமின்றி, மண்டையோட்டை ஊடுருவியும் ஒளி கோழியின் மூளையை அடைகின்றது என்பர் அறிஞர். வெளிறிக் கிடந்த கொண்டை சிவக்கின்றது; ஒரு நாள் காலையில் கொக்கரிப்பு கேட்கின்றது. வீட்டார் அனைவரும் அலுவலை மறந்து கூட்டை நோக்கி ஓடுகிறோம்.

ஆயினும் எங்கள் முதல் வசந்தம் இனிமையாக அமையவில்லை. என் தாயார் ஆண்டுதோறும் தண்டுக்கீரை விதையைத் தாமே உதிர்த்து, புடைத்து, துணியில் முடிந்து தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கொடுத்தனுப்புவார். அவர் மறைந்த பிறகு எஞ்சியிருந்தது ஒரே ஒரு முடிச்சு. மாசி மாதத்தில் அதை அவிழ்த்து, பாத்தி கட்டி, என் மகள் விதைத்தாள். மறுநாள் நாங்கள் கூட்டைத் திறந்துவிட்டுக் காப்பி அருந்தி வருவதற்குள் பாத்தி இருந்த இடத்தில் நான்கு குழிகள் இருந்தன. கோழிகள் அவற்றில் படுத்து மண்ணில் புரண்டுகொண்டிருந்தன. "கோழி வேண்டுமா, தோட்டம் வேண்டுமா, இன்றே முடிவு செய்துவிடுங்கள்" என்று கூறிவிட்டு என் மனைவி உள்ளே சென்றுவிட்டாள். என் மகள் ஒன்றுமே பேசவில்லை. அதுவே எனக்கு அதிக வருத்தத்தைத் தந்தது.

சினம் தணிந்தபின் எண்ணிப் பார்த்தேன். கோழியின் மேல் குற்றம் இல்லை. வீட்டுக் கோழியின் முதன்மையான மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. இமயமலை அடிவாரக் காடுகளில் அஃது இன்றும் வாழ்கின்றது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழிக்கும் அவ்வமிசத்தில் பங்குண்டு. வீட்டுக் கோழிகள் பலவற்றின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு அதனிடமிருந்து வந்தது என 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. வடக்கும் தெற்கும் கலந்த இப்பறவைக்குக் காட்டுத் தரையின் சருகைச் சீய்த்துப் புழுவும் விதையும் தேடுவதே பிழைப்பு. உலர்ந்த மண்ணில் புரள்வதும் விளையாட்டன்று. இறகிடையே உள்ள பேனையும் மிகையான எண்ணெய்ப் பசையையும் போக்கிக்கொள்ளும் குளியல் அது. புதிதாகக் கொத்திய பாத்தியைக் கண்ட கோழி வேறு என்ன செய்யும்? கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பது பழமொழி. நாற்றுக்கு அந்த உறுதி இல்லை.

வசந்தத்தின் இடர்ப்பாடு இங்கேதான் இருக்கிறது. பழைய செடிகள் பூத்துக் குலுங்கும் அதே வாரங்களில்தான் வெண்டை, பாகல், சுரை, கீரை முதலிய கோடைப் பயிர்களுக்கு விதை ஊன்ற வேண்டும். ஆகவே, கோழியைத் திருத்த முயலாமல் தோட்டத்தைப் பங்கிட்டேன். விதைப் பாத்திகளைச் சுற்றி மூன்று முழ உயரத்திற்குக் கம்பிவலை அடித்தோம். நட்ட செடிகளின் அடியில் கையளவுக் கற்களைப் பரப்பினோம். வேரைச் சீய்க்க இயலாது. வெயில் படும் ஒரு மூலையில் மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து கொட்டிக் கோழிகளுக்கென்றே குளியலிடம் அமைத்தோம். அதன்பின் பாத்திகளில் அவற்றின் நாட்டம் குறைந்தது. மாலையில், அடைவதற்கு ஒரு மணி நேரம் முன்பாக மட்டும் பூச்செடிகளிடையே திறந்துவிடுகிறோம். அந்நேரத்திற்குள் நத்தையையும் கம்பளிப்புழுவையும் பொறுக்கிவிட்டு, இருள் கவியும்போது தாமே கூட்டை அடைந்துவிடும். அறுவடை முடிந்த பாத்தியை முழுவதும் அவற்றிடமே ஒப்படைத்துவிடலாம். களையையும் கூட்டுப்புழுவையும் தின்று, மண்ணையும் கிளறிக் கொடுக்கும்.

தில்லியின் வசந்தத்தில் இன்னொரு விந்தை உண்டு. பூ மலரும் அதே பருவத்தில் வேம்பும் அரசும் இலை உதிர்க்கின்றன. இந்நகரில் சருகை எரிக்கத் தடை உள்ளது. பெருக்கி எறிவோரும் பலர். நாங்கள் அதனைச் சாக்கில் சேர்த்துக் கோழிக்கூட்டில் பரப்புகிறோம். எச்சம் அதில் கலக்கிறது. கோழிகளே அதைப் புரட்டி விடுகின்றன. பச்சைக் கோழி எரு மிகக் காரமானது. நேராக இட்டால் செடி கருகும். சருகோடு சேர்த்துச் சில மாதங்கள் குவித்து மக்கவைத்தால், ஐப்பசி நடவுக்கு உரம் ஆயத்தமாகிவிடும். இவ்வாண்டுக் கூட்டின் குப்பை அடுத்த ஆண்டின் பூவாகிறது. உதிர்ந்த செண்டுமல்லி இதழ்களையும் கோழிகளுக்கு இடுங்கள். அவ்விதழின் நிறப்பொருள் மஞ்சட்கருவுக்கு ஆழ்ந்த நிறம் தரும்.

சில எச்சரிக்கைகளும் தேவை. அரளியும் ஆமணக்கு விதையும் கோழிக்கு நஞ்சு. எட்டாதபடி காக்க வேண்டும். கூட்டினுள் கோழி ஒன்றுக்கு மூன்று அல்லது நான்கு சதுர அடியேனும் இடம் விடவேண்டும். முட்டைக்குச் சேவல் தேவையில்லை. அண்டை வீட்டாரின் விடியற்கால உறக்கத்தை மதிப்பவர் பேடைகளோடு நின்றுவிடுதல் நலம். குடியிருப்பின் விதிகளையும் முன்னரே கேட்டறிக. 2021 சனவரியில் பறவைக் காய்ச்சல் தில்லியையும் தொட்டது. தீனியும் நீரும் காக்கைக்கு எட்டாமல் மூடி வைத்து, கோழியைத் தொட்டபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். காரணமின்றிப் பறவைகள் இறக்குமானால் தொடாமல் கால்நடை மருத்துவருக்கு அறிவிக்க வேண்டும்.

பங்குனியின் முடிவில் ஒரு மாலை, கொய்யா மரத்தடிக் குப்பையில் மூன்று செந்நிறத் தளிர்களைக் கண்டு என் மகள் கூவினாள். அன்று கோழிகள் வாரி இறைத்த தண்டுக்கீரை விதைகளில் மூன்று அங்கே தப்பிப் பிழைத்திருந்தன. அம்மூன்றையும் பறிக்காமல், கூடை கவிழ்த்துக் காத்து, கதிர் முற்றவிட்டு விதை எடுத்தோம். இன்று எங்கள் வீட்டில் அந்த முடிச்சுகள் நான்கு உள்ளன. அவற்றுள் ஒன்றை அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மையாருக்குத் தரவிருக்கிறோம். அவருடைய வீட்டில் கோழி இல்லை. ஆதலால் விதைக்கு அச்சமும் இல்லை. எனினும் மாலை நேரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவர் வந்து அமர்வது எங்கள் தோட்டத்தில்தான்.