கோலும் பொறுப்பும்

கோவலனை வெட்டியவன் காவலருள் ஒருவன். ஆயினும் கண்ணகி அவனைத் தேடிச் சென்றாளில்லை. நேரே பாண்டியன் வாயிலுக்கே சென்றாள். வாளோங்கிய கைக்கு விடை கூறவேண்டியவன் கோலேந்திய மன்னனே என்பது அவள் துணிபு. சிலம்புடைந்து மாணிக்கம் தெறித்தபோது மன்னனும் அதனை உணர்ந்து உயிர் நீத்தான். வகுப்பில் இப்பகுதியை நடத்துந்தோறும் என் நெஞ்சம் முல்லோயாத் தோட்டத்தை நோக்கிச் செல்லும்.

ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள அத்தோட்டத்தில், கூலி உயர்வு கேட்டுத் தொழிலாளர் போராடினர். 1940ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள் பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி மாண்டார். விசாரணைக் குழு அமைந்தது; கோவிந்தனின் மனைவி சார்பில் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார்.

வியப்புக்குரியது பின்னர் நிகழ்ந்தது. தொழிலாளர்மீது தொடுத்த வழக்குகளை ஒத்திவைக்க வேண்டுமாறு உள்நாட்டு அமைச்சர் சேர் டி. பி. ஜயதிலக்க பொலிஸ் மாஅதிபருக்குப் பணித்தார். அவர் இணங்கவில்லை. தேசாதிபதி கால்டெகொட் மாஅதிபர் பக்கமே நின்றார். அமைச்சர்கள் பதவி துறந்தனர். மக்கள் தேர்ந்த அமைச்சருக்குப் பொலிஸ் கட்டுப்பட்டதா, அன்றித் தேசாதிபதிக்கா என்னும் வினா, தோட்டத்துக் கூலியாள் ஒருவரின் குருதியினின்று எழுந்தது.

அமெரிக்க நாட்டில் இவ்வினா வேறு வடிவங் கொண்டுள்ளது. அங்கே பொலிஸாருக்குத் தொழிற்சங்கமுண்டு. நகராட்சியோடு ஒப்பந்தமும் உண்டு. சம்பளம், விடுமுறை பற்றிய விதிகளோடு, குற்றஞ்சாட்டப்பட்டவரை உடனே வினவலாகாது, பழைய முறைப்பாட்டு ஏடுகளைச் சில ஆண்டுகளில் அழித்துவிட வேண்டும் என்றாற்போன்ற விதிகளும் பல நகர்களின் ஒப்பந்தங்களில் இடம்பெற்றன. விலக்கப்பட்டவர் நடுத்தீர்ப்பின்வழி மீண்டும் பணியேறியதும் உண்டு. 2020இல் மின்னியாபொலிஸ் நகரில் ஜோர்ஜ் புளொயிட் கொல்லப்பட்ட பின்னர் இவ்விதிகள் கடுங் கண்டனத்துக்கு உள்ளாயின.

சங்கத்தால் தலைநிமிர்ந்த மலையகத்தார் சங்கம் என்பதையே பழித்தல் தகாது. உழைப்புக்கு ஊதியம் கேட்பது உரிமை. தவற்றுக்குத் திரை கேட்பது உரிமையன்று. இவ்விரண்டையும் ஓரேட்டில் எழுதியதே அங்கு நேர்ந்த கேடு.

இலங்கைப் பொலிஸார் தொழிற்சங்கம் அமைக்கச் சட்டம் இடந்தரவில்லை. எனினும் தோட்டத்து மக்கள்மீது துப்பாக்கி நீள்வது நின்றதா? 1977இல் நுவரெலியா மாவட்டத்துத் தோட்டக் காணிகள் பறிபோவதை எதிர்த்தெழுந்த போராட்டத்தில், டெவன் தோட்டத்தருகே சிவனு இலட்சுமணன் பொலிஸ் குண்டுக்கு இரையானார். ஒப்பந்தம் இல்லாவிடத்தும் திரை உண்டு. அத்திரை மேலிருப்போரின் மௌனத்தால் நெய்யப்படுவது.

2001இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 17ஆம் திருத்தம் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு வழிவகுத்தது. பொதுமக்களின் முறைப்பாடுகளை ஏற்று ஆராய்தலும் அதன் கடமை. அதன் அதிகாரம் பின்னர் வந்த திருத்தங்களாற் குறைந்தும் மீண்டும் வளர்ந்தும் வந்துள்ளது. ஆயினும் வாயிலொன்று உண்டு என்பதை லயத்தில் வாழ்வோர் அறியாராயின் அதனாற் பயன் யாது?

ஆசிரியர்களே, மாணவர்களே! முறைப்பாட்டைத் தெளிந்த தமிழில் எழுதவும், வாக்குமூலத்தைப் படித்தறிந்த பின்னரே ஒப்பமிடவும் நம் மக்களுக்குக் கற்பிப்போம். கண்ணகிக்கு வாயில் தெரிந்திருந்தது. வழக்குரைக்கச் சொல்லும் இருந்தது. அவ்விரண்டையும் கொடுப்பதே கற்றோர் கடன்.