சூளைக்கு முன் உலர்தல்

இறையியற் கல்வியை முடித்து முதற் சேகரத்திற்குச் செல்லும் இளம் ஊழியர், வரவிருக்கும் இன்னல்களுக்குத் தம்மை எவ்வாறு ஆயத்தப்படுத்த வேண்டும்? இவ்வினாவிற்கு விடை தேடுவோர் விருத்தாசலத்துப் பீங்கான் சூளையருகே சிறிது நேரம் நிற்பது நலம்.

கடலூர் மாவட்டத்திலுள்ள இவ்வூரில் பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசுக் கல்வி நிறுவனமும் உள்ளன. மின்சாரச் சாதனங்களுக்கான பீங்கான் பொருள்களும் பொம்மைகளும் இங்கு உருவாகின்றன. அச்சிலிருந்து எடுத்த பொருளை உடனே சூளையில் வைத்தலாகாது. முதலில் அதனை மெல்ல உலர்த்த வேண்டும். உள்ளே ஈரம் எஞ்சியிருப்பின், வெப்பம் 100 பாகை செல்சியசைக் கடக்கும்பொழுது அந்நீர் ஆவியாகி, வெளியேற வழியின்றிப் பொருளைப் பிளந்துவிடும். 573 பாகையில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் படிகம் சட்டென்று விரிவதால், அந்நிலையில் தீயை விரைந்து கூட்டுவதும் தவறு. பீங்கான் 1,200 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தைத் தாங்கி உறுதிபெறுவது இத்துணைப் பொறுமைக்குப் பின்னரே.

எரேமியா பதினெட்டாம் அதிகாரத்தைப் பிரசங்கிக்கும் நாம் பெரும்பாலும் குயவனின் சக்கரத்தோடு நின்றுவிடுகிறோம். சக்கரத்திற்கும் சூளைக்கும் இடையே உலர்த்தும் பலகை ஒன்று உண்டு. இறையியற் கல்லூரியில் கழியும் ஆண்டுகள் அப்பலகையைப் போன்றவை.

நாம் முதற் சேகரத்திற்குச் சென்றபொழுது மூன்று மாதங்கள் சம்பளம் வந்து சேரவில்லை. அதனினும் நம்மை வருத்தியது, நமது பிரசங்கத்தை எவரும் பாராட்டவில்லை என்பதே. பாராட்டை நாடியே வந்திருந்தோம் என்பது அப்பொழுதுதான் நமக்கு விளங்கிற்று. வறுமை வெளியிலிருந்து வந்த நெருப்பு. அந்த நாட்டமோ நம்முள் எஞ்சியிருந்த ஈரம்.

ஆகவே மாணவர் பட்டம் பெறுமுன்னரே தம்மை ஆராய்ந்து பார்ப்பாராக. தீராத கடன் உண்டா? எவரும் காணாத வேளையிலும் ஜெபிக்கும் பழக்கம் உண்டா? குறை கூறுவோரிடம் கசப்பின்றிப் பேச இயலுமா? மனந்திறந்து உரையாட நண்பர் ஒருவரேனும் உண்டா?

இத்தகைய ஆயத்தத்தின் பயனைத் தரங்கம்பாடியில் காண்கிறோம். 1706 ஜூலை 9 அன்று அங்கு வந்திறங்கிய சீகன்பால்குவுக்கு 24 வயது நிறைய ஒரு நாள் இருந்தது. டேனியக் கோட்டைத் தளபதி அவரை வரவேற்கவில்லை. அவரோ சிறுவரோடு அமர்ந்து தமிழெழுத்துக்களைக் கற்றார், ஓலைச்சுவடிகளைத் திரட்டினார். 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கினார். அடுத்த மாதமே கைதாகி, ஏறக்குறைய நான்கு மாதங்கள் சிறையிருந்தார். ஆயினும் முன்னரே ஈட்டியிருந்த மொழியறிவைச் சிறை பறிக்க இயலவில்லை. விடுதலை பெற்றபின் பணியைத் தொடர்ந்து, 1711இல் மொழிபெயர்ப்பை முடித்தார். உடன் வந்த புளுட்சோ என்னும் தோழர் அவருக்கிருந்ததையும் நாம் மறத்தலாகாது.

இங்கு எச்சரிக்கை ஒன்று தேவை. சூளையில் பொருள் வெடித்தால் மண்ணை மட்டும் பழித்தல் முறையன்று; தீயை அவசரமாகக் கூட்டியவரும் பொறுப்பாளியே. புதிய ஆயர்மீது ஐந்தாறு கிராமங்களைச் சுமத்தி, ஊதியத்தையும் தாமதித்து, அதனைக் கடவுளின் சோதனை என்று மூத்தோர் கூறுவாராயின் அது அநீதியாகும். அத்தகைய நிலையில் இளையவர் வாய்திறந்து முறையிடுவது விசுவாசக் குறைவன்று.

மூத்தோர் செய்யத்தக்கது வேறொன்றுண்டு. சிலவகை மட்பொருள்களில், ஏற்கெனவே சுட்ட களிமண்ணைப் பொடித்துப் புதுமண்ணோடு கலப்பர்; அதனால் சுருக்கமும் விரிசலும் குறையும். அவ்வாறே நமது தோல்விகளை மறையாமல் இளையோருக்குச் சொல்வோமாக. நம் வெற்றிகளைக் கேட்டு அவர்கள் வியப்பர். நம் உடைவுகளைக் கேட்டோ தம் முதல் நெருப்பில் நிலைநிற்பர்.