கல்லறை ஏடும் நம் முன்னோரும்

பாட்டனுக்குப் பாட்டன் பெயரைக் கேட்டால் நம்மில் விடை கூற வல்லார் சிலரே. வீரனுக்கு நடுகல் நட்டது நம் நாடு. வேந்தன் கொடையைச் செப்பேட்டிற் பொறித்தது. ஏர் உழுதவனுக்கும் நூல் நூற்றவளுக்கும் கல்லும் இல்லை, செம்பும் இல்லை. காவிரியில் வந்து கலக்கும் நொய்யலின் கரையில், கொடுமணலில் அகழ்ந்த ஈமக் குழிகளுள் வாளும் சூதுபவள மணிகளும் கிடைத்தன. அவற்றை அணிந்தார் யாவர் என்பதை அக்குழிகள் கூறவில்லை.

ஆயினும் கொங்கு நாட்டுக் கிறிஸ்தவக் குடும்பத்தார்க்கு ஒரு வாயில் திறந்திருக்கின்றது. அது திருச்சபையின் அடக்கப் பதிவேடு. இலண்டன் மிஷனைச் சார்ந்த ஆடிஸ் ஐயர் 1830ஆம் ஆண்டிற் கோயமுத்தூரில் ஊழியந் தொடங்கினார். கத்தோலிக்க சபையில் 1850இல் கோயமுத்தூர் தனி அப்போஸ்தலிக்க ஆட்சியாகவும், 1886இல் மறைமாவட்டமாகவும் அமைந்தது. சபை வளர வளர ஏடுகளும் வளர்ந்தன. நன்கு எழுதப்பெற்ற அடக்க ஏட்டில் இறந்த நாள், அடக்கிய நாள், பெயர், வயது, தொழில், நோய், அடக்கம் நடத்தியவர் கையொப்பம் ஆகியன ஒரே வரியில் அமைந்திருக்கும். ஏழை ஒருவனது வாழ்வைப் பற்றி எழுதப்பட்ட வரி அஃதொன்றாகவே இருத்தலுங் கூடும்.

இங்கே ஒரு வேற்றுமையைக் கூறாது விடுதல் தகாது. சென்னை மாகாணத்து ஆங்கிலத் திருச்சபை ஏடுகளின் படிகள் 1698 முதல் இலண்டனுக்குச் சென்று, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. ஜே. ஜே. காட்டன் என்பார் மாகாணத்துக் கல்லறை எழுத்துக்களைத் தொகுத்து 1905இல் நூலாக்கினார். ஆகவே இங்கு மாண்ட வெள்ளைக்காரப் படைவீரனின் பேரன் தன் வீட்டிலிருந்தே அவனைத் தேடிக் கண்டுகொள்ளலாம். நம்மவர் பெயர்களோ பெரும்பாலும் அத்தொகுப்புக்களில் ஏறவில்லை. மூல ஏடு ஒன்றே. அதுவும் ஆலயத்து மரப்பெட்டியில் இருக்கும். அதனைச் செல் அரித்தால் மறுபடி இல்லை.

தேடுவோர் முதலில் ஜில்லா எல்லையை அறிதல் வேண்டும். நீலகிரி 1868இலேயே கோயமுத்தூரினின்று பிரிந்தது. கரூர் 1910இல் திருச்சிராப்பள்ளியோடு சேர்ந்தது. கொள்ளேகாலம் 1956இல் மைசூரோடு சேர்ந்தது. ஈரோடு 1979இலும் திருப்பூர் 2009இலும் தனி மாவட்டங்களின் தலைநகராயின. ஊர் பெயராதிருப்ப, அவ்வூர்க் குறிப்பு எங்கெங்கோ பெயர்ந்திருக்கும்.

அடுத்த இடர் எழுத்து. பழைய கையெழுத்திற் புள்ளியிராது. ரகரமும் காலும் ஒன்றுபோலத் தோன்றும். ஒரே சபையில் ஞானமுத்துக்கள் நால்வர் இருப்பர். அவருள் நம்மவரைப் பிரித்தறியத் தந்தை பெயரும் ஊர்ப் பெயரும் வேண்டும். அவற்றைத் தருவது ஞானஸ்நான ஏடு. எனவே அடக்க ஏட்டைத் தனியே புரட்டுதல் பாதி வேலையே. இதனை யான் கற்றது என் பிழையால்.

என் பாட்டனார் ஏழு வயதில் தந்தையை இழந்தவர். தம் கொள்ளுப்பாட்டியைப் பற்றி அவர் அறிந்திருந்தது, ‘தாது வருஷத்திற் போனவள்’ என்று தந்தை கூறிய ஒரு சொல்லே. கொங்கு நாட்டில் தாது என்றால் பஞ்சம். 1876ஆம் ஆண்டு தொடங்கிய அக்கொடும் பஞ்சத்தின் பின்னர், 1881ஆம் ஆண்டுக் குடிமதிப்பிற் கோயமுத்தூர் ஜில்லாவின் மக்கள் தொகையே முந்தைய கணக்கினுங் குறைந்து நின்றது. ஆகவே அவள் பசியால் மாண்டாள் என எங்கள் வீட்டார் அனைவரும் நம்பினர். ஆண்டுதோறும் அறுப்பின் பண்டிகையன்று அவள் நினைவாகப் பாட்டனார் ஒரு மரக்கால் அரிசி ஏழைகளுக்கு அளப்பார்.

சென்ற கோடை விடுமுறையிற் போதகர் ஐயரின் அனுமதி பெற்று, 1876, 1877ஆம் ஆண்டுகளின் ஏட்டை மூன்று நாள் வாசித்தேன். பேதி, பேதி, காய்ச்சல் என்று பக்கம் பக்கமாகச் சென்றது. சில வரிகளிற் பெயரே இல்லை. ‘வழிப்போக்கன்’ என்று மட்டும் இருந்தது. அவள் அங்கே இல்லை. மனஞ் சலித்து ஞானஸ்நான ஏட்டைப் புரட்டினேன். 1881இல் ஓர் ஆண் மகவின் தாயாக அவள் பெயர் நின்றது! தமிழாண்டுகள் அறுபதுக்கு ஒருமுறை மீளும் என்பது அப்பொழுதுதான் என் நினைவிற்கு வந்தது. தமிழ் ஆனர்ஸ் படிப்பவனுக்கு இது பெருமையன்று. 1876இற் பிறந்த தாது 1936இல் மீண்டும் பிறந்தது. அவ்வாண்டின் ஏட்டில், மார்கழிக் குளிரில் அடக்கப்பெற்றவளாக, கணவன் பெயரோடும் ஊர்ப் பெயரோடும், ‘வயது சுமார் 80, முதுமை’ என்று அவள் இருந்தாள்.

அவ்வூர்க் கல்லறைத் தோட்டத்திற்கும் சென்றேன். வேப்பமரங்களின் கீழ் மண்மேடுகள் பல, மேட்டின்மேல் மேடு. அவளுக்குக் கல் வைக்கவில்லை. வைக்க வகையும் இருந்திராது.

படி எடுத்துச் சென்ற வரியைப் பாட்டனாருக்கு வாசித்தேன். நெடுநேரம் வாளா இருந்தார். “அப்படியானால் பெட்டியை என் தகப்பனாரும் சுமந்திருப்பார், அப்பொழுது அவருக்கு இருபத்துநாலு வயது” என்றார். பின்னர், “முதுமை என்றா போட்டிருக்கிறது? இன்னொரு தடவை வாசி” என்றார்.

இவ்வாண்டு அறுப்பின் பண்டிகையன்றும் அரிசி அளந்தார். மரக்காலை வழக்கம்போல் தலைதட்டாது, கோபுரமாகக் குவித்தே அளந்தார்.