இரட்டிப்பு நிதியங்களும் நம் சேமிப்பும்

குருக்கள்மடத் துறையிலிருந்து பாதையில் ஏறி, வாவியைக் கடந்து அம்பிளாந்துறைக்குச் சென்ற அனுபவம் நம்மூரவர் பலருக்கு உண்டு. பாதையில் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பது எழுவான்கரையிலேயே தீர்மானிக்கப்பட வேண்டியதாகும். நடுவாவியில் நின்றுகொண்டு, "பாரம் மிகுந்துவிட்டது, சிலர் இறங்குங்கள்" என்றால் எங்கே இறங்குவது? பணத்தை முதலிடுவோர்க்கு விதிக்கப்படும் கட்டுப்பாடுகளுக்கும் இந்த நியாயமே பொருந்தும்.

அண்மையில் ஓய்வுபெற்ற ஆசிரிய நண்பர் ஒருவர் நம்மைக் காண வந்தார். கனடாவில் வாழும் அவருடைய தமக்கையின் மகன், அவரது பணிக்கொடையில் ஒரு பகுதியை அங்குள்ள "இருமடங்கு நிதியம்" ஒன்றில் இடலாம் என்று கூறியிருந்தார். "சந்தை ஒரு ரூபா ஏறினால் நமக்கு இரண்டு ரூபாவாம். மகளின் கலியாணமும் வருகின்றது. இடலாமா?" என்று நண்பர் வினவினார்.

சாதாரண நிதியம் பலருடைய பணத்தைத் திரட்டிப் பங்குகளை வாங்குகின்றது. இருமடங்கு நிதியமோ, கடனாலும் முன்னொப்பந்தங்களாலும் தன் பலத்தைப் பெருக்கிக்கொள்கின்றது. எதிர்த்திசை நிதியம் என்பது சந்தை இறங்கும்போது இலாபம் தரும்படி அமைக்கப்பட்டது. அமெரிக்காவில் இவை 2006ஆம் ஆண்டு முதல் பங்குகளைப் போலவே சந்தையில் விற்கப்பட்டு வருகின்றன.

இவற்றுள் ஒரு நிபந்தனை மறைந்து கிடக்கின்றது. இருமடங்கு என்பது அன்றன்றைய அசைவுக்கு மட்டுமே உரியது. மாதக் கணக்குக்கோ ஆண்டுக் கணக்குக்கோ அன்று. சந்தைச் சுட்டி இன்று 100இலிருந்து 90க்கு இறங்கி, நாளை மீண்டும் 100க்கு ஏறுவதாகக் கொள்வோம். சாதாரண நிதியத்தில் இட்டவருக்கு நட்டம் இல்லை. இருமடங்கு நிதியத்தில் இட்ட 100 ரூபாவோ முதல் நாள் 80 ஆகும். மறுநாட் சுட்டியின் ஏற்றம் 11.11 வீதமாதலால், இது 22.22 வீதம் ஏறி 97 ரூபா 78 சதத்தில் நிற்கும். எதிர்த்திசை நிதியத்தில் இட்ட 100 ரூபாவும் 110க்கு ஏறிப் பின் இறங்கி, அதே 97 ரூபா 78 சதத்தையே அடையும்! இவ்வாறு பத்து முறை நிகழ்ந்தால், சுட்டி 100இலேயே நிற்க, இவ்விரு நிதியங்களிலும் இட்ட பணம் ஏறக்குறைய 80 ஆகத் தேய்ந்துவிடும். சந்தை தளராது ஒரே திசையிற் சென்றால் இருமடங்குக்கு மேலும் கிடைப்பது உண்மையே. ஆயின் அத்தகைய சந்தையை எத்தனை பேர் கண்டனர்?

இவற்றைச் சாதாரண மக்கள் வாங்க விடலாமா என்னும் வினா பல நாடுகளில் எழுந்துள்ளது. ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்க எண்ணும் சிறு முதலீட்டாளர்க்கு இவை பொதுவாக ஏற்றவையல்ல என்று அமெரிக்கத் தரகர்களின் ஒழுங்குமுறைச் சபை 2009இல் எச்சரித்தது. வாங்குவோரின் அறிவைத் தரகர் சோதித்த பின்னரே விற்க வேண்டும் என அந்நாட்டு ஆணைக்குழு 2019இல் முன்மொழிந்து, 2020இல் அதனைக் கைவிட்டது. தென்கொரியாவோ அதே 2020இல் வேறு வழியைத் தேர்ந்தது. இருமடங்கு நிதியங்களை வாங்க விரும்புவோர் ஒரு கோடி வொன் வைப்பாகக் காட்ட வேண்டும். இணையவழிப் பாடம் ஒன்றையும் கற்க வேண்டும் என்று விதித்தது. வைப்புப் பணம் ஒருவரின் மடியின் கனத்தைத்தான் அளக்கும். பாடமோ அறிவை வளர்க்கும். ஆதலின் பாடத்தையே நாம் பெரிதும் வரவேற்கின்றோம்.

கட்டுப்பாடு காலந் தாழ்த்தி வந்தால் நேர்வது யாது என்பதைக் கொழும்புச் சந்தை காட்டிற்று. 2009இல் போர் முடிந்தபின் பங்குகளின் விலை விரைந்தேறியது. 2011 பெப்ரவரியில் அனைத்துப் பங்கு விலைச் சுட்டி 7,800ஐத் தாண்டியது. தரகர் கொடுத்த கடனைக் கொண்டு பலர் பங்குகளை வாங்கியிருந்தனர். அக்கடனைப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு கட்டுப்படுத்தியபோது, கடன்பட்டோர் பங்குகளை விற்கும் நிலைக்குத் தள்ளப்பட்டனர்; விலைகளும் வீழ்ந்தன. எதிர்ப்பு எழுந்தது. ஆணைக்குழுவின் தலைவர் ஒருவர் 2011இலும் அடுத்தவர் 2012இலும் பதவி விலகினர். விதி தவறென்று நாம் கூறவில்லை. துறையிற் சொல்ல வேண்டியதை நடுவாவியிற் சொன்னமையே குறை.

ஆகவே கதவை முற்றாக அடைப்பதும் வேண்டாம். காவலின்றித் திறந்து விடுவதும் வேண்டாம். நிதியத்தின் கணக்கை விளங்கிக்கொண்டவரே உட்புகலாம் என்னும் விதி, விற்பனை தொடங்குமுன்னரே இருத்தல் வேண்டும். அவ்விதி இல்லாதவிடத்து, நமக்கு நாமே அதனை விதித்துக்கொள்வது நன்று. குறித்த நாளில் தேவைப்படும் பணத்தை இத்தகைய நிதியங்களில் இடலாகாது.

மேற்காட்டிய கணக்கை ஒரு தாளில் எழுதி நண்பரிடம் கொடுத்தோம். அவர் அதனைக் கனடாவுக்கு அனுப்பி வைத்தார். பணம் இன்னும் வங்கியிலேயே இருக்கின்றது.