ஒரு நகல் வேறு வீட்டில் இருக்கட்டும்!



முடிச்சூரில் என் சித்தப்பா சின்னதாக ஒரு ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், டிப்ளமோ மாணவர்களின் பிராஜக்ட் ரிப்போர்ட் எல்லாம் அங்கே டைப் ஆகும். சித்தப்பா கவனமான மனிதர். சனிக்கிழமை தவறாமல் கடைக் கணிப்பொறியில் உள்ளதையெல்லாம் தனியாக ஒரு ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்து, அதே மேஜை டிராயரில் பூட்டி வைப்பார்.

2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். அடையாறு கரை மீறி, முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் படகு விட்டார்கள். கடையில் கணிப்பொறியும் முழுகியது, டிராயரும் முழுகியது. "பேக்கப் எடுத்து வச்சிருந்தேனேடா!" என்று சித்தப்பா அன்றைக்குப் புலம்பியது, பள்ளிச் சிறுவனாக இருந்த என் காதில் இன்னும் கேட்கிறது.

அவர் பேக்கப் எடுத்தது நிஜம். தேர்ந்தெடுத்த முறைதான் தப்பு. ஆகவே எந்த முறை எதற்கு உதவும் என்பதைப் பார்ப்போம்.

எதிரிகள் நான்கு

ஹார்டு டிஸ்க்கில் உள்ளது நான்கு விதமாகப் போகும். ஒன்று, டிஸ்க் தானே பழுதாவது. இரண்டு, நம் கையே எதிரியாகி முக்கியமான பைலை அழித்துவிடுவது. மூன்று, வைரஸ். நான்கு, திருட்டு, தீ, வெள்ளம். ஒரு முறை நல்லதா என்று தெரிய, இந்த நான்கு எதிரிகளையும் அதன் முன் நிறுத்திப் பார்த்தால் போதும்.

முறைகள்

பென் டிரைவ்: லேபுக்கும் வீட்டுக்கும் பைல் கொண்டு போக நல்லது. ஆனால் சட்டைப் பையோடு சோப்பில் ஊறும், மின்சார ரயிலில் தொலையும், லேப் வைரஸை வீட்டுக்கே கொண்டு வரும். இது வண்டிதான், களஞ்சியம் இல்லை.

ஒரே மெஷினில் இரண்டு டிஸ்க்: எழுதுவதெல்லாம் ஒரே நேரத்தில் இரண்டிலும் பதியும். ஒன்று பழுதானால் மற்றது உடனே கை கொடுக்கும். முதல் எதிரியை வென்றாயிற்று. ஆனால் ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அழியும். வைரஸும் வெள்ளமும் இரண்டுக்கும் பொது. இதை பேக்கப் என்று நம்பி ஏமாறாதீர்கள்.

வெளி ஹார்டு டிஸ்க்: நமக்குக் கட்டுப்படியாகும் முறை இதுதான். வினாடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் 500 ஜிகாபைட்டை நகல் எடுக்கச் சுமார் ஒன்றரை மணி நேரம். ஒரே நிபந்தனை: வேலை முடிந்ததும் கழற்றி விடுங்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை சுமார் 150 நாடுகளில் கணிப்பொறிகளைப் பூட்டிப் பணம் கேட்டதே, அந்த ரகத்து வைரஸ் சொருகி இருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும்.

இணையச் சேமிப்பு: கூகுள் கணக்கில் 15 ஜிகாபைட் இலவசம். நம்ம ஊர் வெள்ளம் அங்கே போகாது. ஆனால் 10 மெகாபிட் வேகத்தில் 500 ஜிகாபைட்டை ஏற்ற நாலரை நாளுக்கு மேல் ஆகும். அதனால் பிராஜக்ட், சர்டிபிகேட், முக்கியமான படங்கள் மட்டும் போதும். இன்னொன்று: இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்படி இணைத்து வைத்தால், இரண்டாவது எதிரிக்கு நாமே கதவைத் திறந்துவிட்ட மாதிரி.

தினமும் முழுசா எடுக்கணுமா?

வேண்டாம். ஞாயிறு அன்று முழு நகல். மற்ற நாளுக்கு இரண்டு வழி. அன்றன்று மாறியதை மட்டும் எடுப்பது இன்கிரிமென்டல். வேகம் அதிகம், இடம் குறைவு. ஆனால் வெள்ளிக்கிழமை டிஸ்க் போனால் ஞாயிறு நகலோடு திங்கள் முதல் எல்லாத் துண்டும் வேண்டும். புதன் துண்டு கெட்டிருந்தால் சங்கிலி அங்கேயே அறுந்தது. ஞாயிறுக்குப் பிறகு மாறிய அனைத்தையும் ஒவ்வொரு நாளும் சேர்த்து எடுப்பது டிபரென்ஷியல். இடம் கொஞ்சம் கூடும். ஆனால் மீட்க இரண்டே நகல் போதும்: ஞாயிறும், கடைசி நாளும். நம் அளவு வேலைக்கு இதுவே தலைவலி இல்லாதது என்பேன்.

3-2-1

பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பிரபலப்படுத்திய கணக்கு இது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில். சித்தப்பா தவறவிட்டது இந்தக் கடைசி ஒன்றைத்தான். 'வேறு இடம்' என்றால் பக்கத்து வீடு இல்லை! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முடிச்சூர், வரதராஜபுரம், பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் என்று பல இடங்களில் ஒரே சமயத்தில் தண்ணீர் நின்றது. மேட்டுப் பகுதியில் மாடி வீட்டு உறவினரோ, வேறு ஊர் நண்பரோ இருந்தால் நல்லது.

எடுத்தால் போதாது, திறந்து பார்!

1998-ல் பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் பைல்கள் தவறுதலாக அழிந்தன. பேக்கப் இருக்கிறதே என்று திறந்தால், அது சரியாக வேலை செய்யவில்லை! கைக்குழந்தையோடு வீட்டிலிருந்தே வேலை செய்த கேலின் சஸ்மனின் வீட்டுக் கணிப்பொறியில் ஒரு நகல் இருந்ததால்தான் தப்பித்தார்கள். அத்தனை பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி. மாதம் ஒரு முறை, நகலிலிருந்து நாலு பைலையாவது வேறு மெஷினில் திறந்து பாருங்கள்.

கடைசியாக ஒன்று. நனைந்த டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள். சித்தப்பா இரண்டையும் வெயிலில் காய வைத்து ஆசையாகச் சொருகினார். 'டக் டக்' என்று சத்தம் வந்தது, அவ்வளவுதான். டேட்டா மீட்பவர்களிடம் அப்படியே கொடுத்திருந்தால் ஏதாவது மிஞ்சியிருக்கலாம். என் தங்கை பிறந்தபோது எடுத்த படங்களும் அதில்தான் இருந்தன. அவளுடைய கைக்குழந்தைப் படம் இன்று எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை.

இப்போது சித்தப்பாவிடம் வெளி டிஸ்க் இரண்டு. ஞாயிறுதோறும் ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதை வாங்கி வருவது என் வேலை. எங்கள் வீடு இரண்டாவது மாடி.

நண்பா, உன் பிராஜக்ட் இப்போது எத்தனை இடத்தில் இருக்கிறது? ஒன்று என்றால், இந்த மலரை மூடி வைத்துவிட்டு முதலில் அதைப் போய்ப் பார்!

- மூன்றாம் ஆண்டு மாணவன், கணிப்பொறிப் பிரிவு