கை தூக்கினால் போதுமா? ஃபிளாட் சங்கத் தேர்தலில் கவனிக்க வேண்டியவை!

ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணி. கார்களை வெளியே நிறுத்திவிட்டு, ஸ்டில்ட் பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போடப்பட்டிருக்கின்றன. 60 வீடுகள் உள்ள குடியிருப்பில் வந்திருப்பவர்கள் 20 பேர். லிஃப்ட் ரிப்பேர், தண்ணி லாரிச் செலவு, வாட்ச்மேன் சம்பளம் என்று ஒன்றரை மணி நேரம் சத்தம். டிபன் நேரம் தாண்டிப் பாதிப் பேர் எழுந்துபோன பிறகு, "அப்போ பழைய கமிட்டியே தொடரட்டும். என்ன சார், எல்லாருக்கும் ஓகேதானே?" என்று ஒரு குரல். நான்கு கைகள் உயர்கின்றன. தேர்தல் முடிந்தது!

சேலையூர், பெருங்களத்தூர், மாடம்பாக்கம், குரோம்பேட்டை என்று எந்தப் பக்கம் ஃபிளாட்டில் இருந்தாலும் இந்தக் காட்சி பலருக்குப் பழக்கமாகத்தான் இருக்கும். இத்தனைக்கும் இதே மக்கள் 2022 பிப்ரவரி 19 அன்று வரிசையில் நின்று, தாம்பரம் மாநகராட்சியின் 70 வார்டுகளுக்கும் முதல் கவுன்சிலர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள். அந்தத் தேர்தலில் வாக்காளர் பட்டியல், விரலில் மை, மறைப்புக்குள் ரகசிய ஓட்டு, ஏஜென்டுகள் முன்னால் எண்ணிக்கை என்று எல்லாம் இருந்தது. சொந்த வீட்டு வாசலில் நடக்கும் தேர்தலில் மட்டும் இவற்றில் ஒன்றுகூட இருப்பதில்லை.

"போகட்டும், யாராவது ஒருத்தர் பார்த்துக்கிட்டா சரி" என்று விட்டுவிட முடியுமா?

பணமும் வீடும்

ஒரு சின்ன கணக்கு. 60 வீடுகள், வீட்டுக்கு மாதம் 3,000 ரூபாய் மெயின்டெனன்ஸ் என்றால், ஆண்டுக்கு 21 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். கார்பஸ் ஃபண்டு இதற்கு மேல் தனி. இவ்வளவு பணத்துக்கும் செக்கில் கையெழுத்துப் போடுபவர்கள் அந்த நான்கு கைகளால் தேர்வானவர்கள்தான்.

பணத்தைவிடப் பெரிய விஷயமும் உண்டு. 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் (2022-ல் இயற்றப்பட்டது), மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வழி செய்கிறது. 30 வருடப் பழைய குடியிருப்புகள் இந்தப் பக்கம் ஏராளம். பில்டர்கள் பேச வரும்போது எதிரே உட்காரப்போவது சங்கத்தின் நிர்வாகிகள்தான். உரிமையாளர்கள் யார் யார் என்ற பட்டியலும் சங்கத்தின் கையில்தான் இருக்கும். அந்தப் பட்டியல் சரியாக இல்லாவிட்டால் வீட்டின் எதிர்காலமே சிக்கலாகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்குள்ள பல சங்கங்கள் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் பதிவானவை. அந்தச் சட்டப்படி நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. அதே நபர்கள் மீண்டும் வரலாம், ஆனால் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டுத்தான் வர வேண்டும். பொதுக்குழு ஆண்டுக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். உறுப்பினர் பதிவேடு இருக்க வேண்டும். நிர்வாகிகள் மாறினால் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஆனால், ஓட்டு எப்படிப் போட வேண்டும், யார் எண்ண வேண்டும் என்பதெல்லாம் பெரும்பாலும் ஒவ்வொரு சங்கத்தின் பைலாவைப் பொறுத்தது. சங்கம் தொடங்கியபோது வேறொரு சங்கத்தின் பைலாவை அப்படியே ஜெராக்ஸ் எடுத்துப் பதிவு செய்தவர்களும் உண்டு. பிரச்னை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எங்கெல்லாம் கோளாறு வருகிறது?

1. பட்டியல்: யாருக்கு ஓட்டு உண்டு என்று கூட்டத்தன்று வாய்ப்பேச்சில் முடிவு செய்வது. "நீங்க ரெண்டு மாசம் மெயின்டெனன்ஸ் பாக்கி, ஓட்டு கிடையாது" என்று கடைசி நிமிடத்தில் ஒருவரைத் தடுத்துவிட்டு, அதே பாக்கி உள்ள இன்னொருவரை விட்டுவிடுவது. பத்திரம் மனைவி பெயரில் இருக்க, கூட்டத்தில் கை தூக்குவது கணவர். இது செல்லுமா என்று பலரும் யோசிப்பதே இல்லை. ஓட்டு உரிமை பத்திரத்தில் பெயர் உள்ளவருக்கு. கூட்டு உரிமை என்றால் யார் போடுவது என்பதைப் பைலா தெளிவாகச் சொல்ல வேண்டும்.

2. பிராக்ஸி: மகன் அமெரிக்காவில், மகள் துபாயில். அவர்கள் வாங்கிப்போட்ட ஃபிளாட்டில் வாடகைக்கு வேறு யாரோ. உரிமையாளர் செக்ரட்டரிக்கு ஒரு கடிதம் அனுப்பிவிடுகிறார். இப்படிப் பதினைந்து கடிதங்கள் ஒரே கையில் சேர்ந்தால், கூட்டத்துக்கு நேரில் வந்தவர்களின் ஓட்டுக்கு என்ன மதிப்பு?

3. கை தூக்குதல்: எதிர்வீட்டு அங்கிள் நிற்கிறார். அவருக்கு எதிராகக் கை தூக்கிவிட்டு, மறுநாள் காலை அதே லிஃப்டில் அவரோடு இறங்க வேண்டும். எத்தனை பேருக்குத் தைரியம் வரும்?

4. எண்ணிக்கை: தேர்தலில் நிற்பவரே தேர்தலை நடத்துவது, அவரே எண்ணுவது, அவரே மினிட்ஸ் எழுதுவது.

மற்ற ஊர்களில் எப்படி?

இந்தக் கோளாறுகளுக்குப் பல இடங்களில் ஏற்கெனவே தீர்வு கண்டிருக்கிறார்கள்.

தமிழர்கள் நிறைய வாழும் சிங்கப்பூரில், காண்டோ கூட்டங்களில் ஒருவர் எத்தனை பேருக்கு பிராக்ஸியாக இருக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. மொத்த வீடுகளில் 2 சதவீதம் அல்லது 2 வீடுகள், இரண்டில் எது அதிகமோ அதுதான். 60 வீட்டுக் குடியிருப்பு என்றால் ஒருவர் கையில் அதிகபட்சம் 2 கடிதங்கள்!

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், காண்டோ நிர்வாகிகள் தேர்தலுக்கு பிராக்ஸியே கிடையாது. வர முடியாதவர்கள் ஓட்டுச் சீட்டை ஓர் உறையில் போட்டு ஒட்டி, அதை வீட்டு எண்ணும் கையெழுத்தும் உள்ள இன்னோர் உறைக்குள் வைத்து அனுப்புகிறார்கள்.

நம் தபால் ஓட்டும் இதே முறைதான். உள் உறையில் ஓட்டுச் சீட்டு. வெளி உறையில் அந்த உள் உறையும் உறுதிமொழிப் படிவமும். முதலில் படிவத்தைச் சரிபார்ப்பார்கள். அதன் பிறகே உள் உறை திறக்கப்படும். ஓட்டுப் போட்டவர் யார் என்பது தெரியும், யாருக்குப் போட்டார் என்பது தெரியாது. வெளிநாட்டில் இருக்கும் ஃபிளாட் உரிமையாளருக்கு இதைவிட எளிய வழி வேண்டுமா என்ன? கூரியர் செலவு மட்டும்தான்.

மகாராஷ்டிராவில் 250 உறுப்பினர்களுக்கு மேல் உள்ள கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் தேர்தலை, மாநிலக் கூட்டுறவுத் தேர்தல் ஆணையமே மேற்பார்வை செய்கிறது. அதாவது, நிற்பவர்கள் நடத்துவதில்லை.

உத்திரமேரூர் சொல்லும் பாடம்

வெளிநாடு எதற்கு? காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கிறது முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு. சுமார் 1,100 ஆண்டுகள் பழையது. 30 குடும்புகளில் இருந்து பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, குலுக்கி எடுத்து ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்த முறை அது. நிலமும் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே அதில் இடம். அந்தக் குறை இருக்கிறதுதான். ஆனால், அவர்கள் வைத்த இரண்டு விதிகள் இன்றும் பயன்படும்.

ஒன்று, வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது. மூன்று ஆண்டுகளுக்குள் பதவி வகித்தவருக்கும் வாய்ப்பு இல்லை.

இரண்டு, எழுத்தறியாத சிறுவன் ஒருவன் எடுத்துத் தரும் ஓலையை, ஐந்து விரல்களையும் விரித்த உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்க வேண்டும். கைக்குள் வேறு ஓலையை ஒளித்து வைத்து மாற்றிவிடக் கூடாது என்ற முன்ஜாக்கிரதை!

அடுத்த பொதுக்குழுவுக்கு முன்...

* தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கை ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்த பிறகே தேர்தல் தேதியை அறிவியுங்கள்.
* வாக்காளர் பட்டியலை நோட்டீஸ் போர்டிலும் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவிலும் வெளியிடுங்கள். மெயின்டெனன்ஸ் பாக்கிக்குக் கடைசித் தேதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும்.
* தேர்தலை நடத்த வெளியாள் ஒருவரை அழையுங்கள். அக்கம்பக்கத்தில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரோ, வங்கி அதிகாரியோ இல்லாமல் போக மாட்டார்கள்.
* ஓட்டுச் சீட்டு, ஒரு அட்டைப்பெட்டி, மறைப்புக்கு ஒரு திரை. செலவு சில நூறு ரூபாய்தான்.
* எல்லோர் முன்னாலும் எண்ணி, முடிவில் வேட்பாளர்களின் கையெழுத்து வாங்குங்கள். சீட்டுகளைச் சீல் வைத்துப் பத்திரப்படுத்துங்கள்.
* இவற்றை ஒரு முறை வழக்கமாகச் செய்துவிட்டு நிறுத்திவிடாமல், பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு பைலாவிலேயே சேர்த்துப் பதிவு செய்யுங்கள்.

மறுத்தால்?

முதலில் எழுத்து மூலம் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். பயன் இல்லை என்றால், 1975-ம் ஆண்டுச் சட்டத்தின் 36-வது பிரிவு இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் சேர்ந்து கையெழுத்திட்டு விண்ணப்பித்தால், சங்கத்தின் செயல்பாடு பற்றிப் பதிவாளர் விசாரணை நடத்தலாம். 60 உறுப்பினர்கள் என்றால் 20 கையெழுத்து.

ஆனால், இரண்டு தரப்பும் "நாங்கள்தான் ஜெயித்தோம்" என்று வந்து நின்றால், யார் ஜெயித்தார்கள் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் பதிவாளருக்கு இல்லை. சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். அதுவரை லிஃப்ட் ரிப்பேருக்குக்கூட செக்கில் யார் கையெழுத்துப் போடுவது என்ற குழப்பம் தொடரும். அதனால்தான் பட்டியல், சீட்டு, கையெழுத்து எல்லாம் முன்கூட்டியே சரியாக இருக்க வேண்டும்.

இப்போது செக்ரட்டரியாக இருப்பவர் நல்லவராகவே இருக்கலாம். சம்பளம் இல்லாமல், ராத்திரி 11 மணிக்கு மோட்டார் ஓடவில்லை என்ற போனையும் எடுத்துப் பேசுபவராக இருக்கலாம். அப்படிப்பட்டவருக்குத்தான் முறையான தேர்தல் அதிகம் தேவை. நாளைக்கு யாராவது "கணக்கு எங்கே?" என்று கேட்டால், அவர் நிமிர்ந்து பதில் சொல்லலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டில்ட்டில் நாற்காலி போடும்போது, ஓரமாக ஒரு மேஜையும் அதன்மேல் ஓர் அட்டைப்பெட்டியும் இருக்கட்டும்!