தடித்த சாய்வெழுத்தும் பொருள் வேறுபாடும்

உரோமன் அச்செழுத்தின் கோடு முடியுமிடத்தே சிறு குறுக்குக்கோடு வருதல் பழைய மரபு. அஃதில்லாதன முனைக்கோடிலா எழுத்துகள் எனப்படும். அவற்றுள் தடித்தும் வலப்புறம் சாய்ந்தும் வரும் வகை ஈண்டு ஆராயப்படுகின்றது.

1957இல் வெளிவந்த யூனிவர்சு என்னும் எழுத்துக் குடும்பத்தை வகுத்த ஏட்ரியன் புருட்டிகர், அதன் 21 வகைகளையும் எண்ணாற் குறித்தார். முதல் இலக்கம் தடிப்பையும், அடுத்தது அகலத்தையும் சாய்வையும் உணர்த்தும். 55 இயல்பான நேரெழுத்து; 66 தடித்த சாய்வெழுத்து.

இவ்வெழுத்துப் பத்தி முழுதும் வரின் கண்ணை வருத்தும். தலைப்பிலும் அழுத்தம் வேண்டும் சொல்லிலும் சிறக்கும். கணிதத்திலோ இஃது அணியன்று. பொருள் தரும் குறி. திசையுடைய அளவாகிய வெக்டரை முனைக்கோடுடைய தடித்த சாய்வெழுத்தாலும், ஒன்றற்கு மேற்பட்ட திசைகளைச் சார்ந்த டென்சரை முனைக்கோடிலாத் தடித்த சாய்வெழுத்தாலும் குறித்தல் அனைத்துலகத் தர மரபு. முனைக்கோடு நீங்கவே பொருளும் வேறாகின்றது. கணிதத்தின் இத்தேவை கருதியே 2001இல் யூனிகோடு இவ்வடிவ இலத்தீன் எழுத்துகள் 52க்கும் தனிக்குறியீடு வழங்கிற்று.

ஏட்டில் புள்ளி இடாமையால் மெய்யோ உயிர்மெய்யோ என ஐயுற்ற பதிப்பாசிரியர்க்கு இவ்வுண்மை புதிதன்று. வடிவத்தைப் பேணுதல் பொருளைப் பேணுதலேயாம்.